மார்க் போடாத நோட்டு

1962 ஆகஸ்ட் 16-ம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஊரில் ஒரு கெடு ஓடியது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்றால் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். புதுச்சேரித் தெருக்களில் இன்றும் ‘சொல்தா வீடு’ (பிரெஞ்சுப் படையில் இருந்தவரின் வீடு) என்று சொல்லப்படுகிற வீடுகள் பலவற்றின் கதையில் அந்தக் காகிதத்துக்கு ஓர் இடம் உண்டு.

இந்த ஏற்பாடு இந்தியாவும் பிரான்ஸும் 1956 மே 28-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதன் ஐந்தாவது பிரிவு பிள்ளைகளைப் பற்றியும் பேசுகிறது. 18 வயது நிரம்பாத, கல்யாணமாகாத பிள்ளைகள் எந்த நாட்டவர் என்பதை அப்பா எழுதிக் கொடுப்பதே தீர்மானிக்கும். அப்பா இல்லாவிட்டால் அம்மா. இருவருமே இல்லாவிட்டால் பாதுகாவலர். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் வீட்டில் தமிழுமாக வளர்ந்த ஒரு பதினேழு வயதுப் பெண், தன்னை யாரென்று நினைத்தாள் என்று சொல்வதற்கு அந்த மனுவில் இடம் கிடையாது. அப்பாவின் மனுவில் அவள் பெயர் ஒரு வரி, அவ்வளவுதான்.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. மைனர் பிள்ளைகள் விஷயத்தில் அது அப்படித்தான் இருக்கும். வருத்தம் வேறு இடத்தில். அறுபது வருடத்துக்குப் பிறகும் நம் வீடுகளில் அந்த மனு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்கு வருகிற சித்தப்பாவும் மாமாவும் கேட்கிற முதல் கேள்வி, “என்னப்பா, என்ன குரூப்பு எடுக்கப் போற?” பையன் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொல்லிவிடுவார். பயாலஜியா, கம்ப்யூட்டர் சயின்ஸா, நீட் கோச்சிங் எங்கே, ஹாஸ்டலா வீடா, எல்லாமே அந்த ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெண்பிள்ளையாக இருந்தால் ‘பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கிற காலேஜ்’ என்ற நிபந்தனையும் கூடவே வரும்.

பையனுக்குச் சொல்லத் தெரியவில்லையே என்பார்கள். தெரியாதுதான். சொல்லிப் பழகினால்தானே தெரியும்! தன்னைப் பற்றி யோசிக்கவும், யோசித்ததை ஒரு படமாகவோ பாட்டாகவோ நாலு வரியாகவோ வெளியே வைக்கவும், வைத்ததைத் திரும்பிப் பார்க்கவும் பழக்கம் வேண்டும். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தை யார் தருகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. இதைக் கேட்பதற்குப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

பெயரை மாற்றிக்கொண்ட ஊர்

இந்த ஊரின் வரலாற்றில் பெரியவர்கள் தங்கள் அடையாளத்தைத் தாங்களே தேர்ந்துகொண்ட காலங்கள் உண்டு. 1881 செப்டம்பர் 21-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி, மத வழக்கப்படியான தனிச்சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் வரலாம் என்றது. அப்படி வந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அந்த இயக்கத்துக்கு முன்னணியில் நின்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பலருக்கு அது தலைமுறை தலைமுறையாகச் சுமந்த ஒரு பெயரைக் கீழே இறக்கிவைக்கிற வாய்ப்பு. இன்றும் புதுச்சேரி வகுப்பறைகளில் பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு தமிழ்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

அடுத்த தலைமுறையில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் கதை வருகிறது. கனக சுப்புரத்தினம், 1891 ஏப்ரல் 29-ல் இந்த ஊரில் பிறந்தவர். கல்வே கல்லூரியில் தமிழ் படித்து, பதினெட்டு வயதிலேயே அரசுப் பள்ளித் தமிழாசிரியர் வேலைக்குப் போய்விட்டார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது முருகன் மேல் பக்திப் பாடல்கள். 1908-ல் புதுச்சேரிக்கு அடைக்கலம் தேடி வந்த பாரதி தெருவில் போவதை அவர் பார்த்திருக்கிறார்; யாரென்று தெரியாது. ரவிவர்மா படத்துப் பரமசிவம் என்று மனத்துக்குள் ஒரு பேர் மட்டும் வைத்திருந்தார்.

வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணம். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்தவர்கள் சுப்புரத்தினத்தைப் பாடச் சொன்னார்கள். அவர் பாடியது பாரதி பாட்டு. அந்தக் கூட்டத்தில் பாரதியும் உட்கார்ந்திருந்தார். பாடி முடித்த பிறகுதான் இன்னார் என்று தெரிந்தது. பாரதி சபாஷ் சொல்லி அனுப்பிவிடவில்லை, தமிழ் படித்திருக்கிறீர்களா என்று விசாரித்தார், வீட்டுக்கு வரச் சொன்னார். பிறகு ஒருநாள், இந்தப் பையன் கவிதை எழுதுவானா என்று நண்பர்கள் சந்தேகப்பட்டபோது, எழுதச் சொல்லி உட்கார வைத்தார். எழுதியதைத் தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்ற குறிப்போடு ‘சுதேசமித்திரன்’ பத்திரிகைக்கு அனுப்பினார்.

இந்தச் சம்பவத்தை நாம் குருபக்திக் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பாரதி செய்த காரியங்களின் வரிசை. கேட்டார். விசாரித்தார். எழுத இடம் கொடுத்தார். எழுதியதை நாலு பேர் பார்வைக்குக் கொண்டுபோனார். எந்த இடத்திலும் மதிப்பெண் போடவில்லை, இப்படி எழுதியிருக்க வேண்டும் என்று திருத்திக் கொடுத்ததாகவும் கதை இல்லை.

அந்தப் பையன் ஒரே அடியில் பாரதிதாசன் ஆகிவிடவும் இல்லை. கிறுக்கன், கிண்டல்காரன் என்று வேறு பெயர்களிலும் எழுதிப் பார்த்தார். முருக பக்தராக ஆரம்பித்தவர், தேசியக் கவியாகி, பிறகு பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்து, பழைய நம்பிக்கைகளையெல்லாம் எதிர்த்துப் பாடினார். பெருமாள் கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு அருங்காட்சியகம். பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறவர்கள் புரட்சிக்கவிஞரைக் காட்டுகிறார்கள். பக்திப்பாட்டு எழுதிக்கொண்டிருந்த, எது தன் பெயர் என்று இன்னும் முடிவு செய்யாத அந்தப் பதினெட்டு வயதுக்காரரைப் பற்றியும் சொல்லலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அவரைத்தான் நன்றாகப் புரியும்.

உலகத்துக்கு இந்தப் பருவத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொடுத்த உளவியலாளர் எரிக் எரிக்சனின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1902-ல் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. வளர்ப்புத் தந்தையின் ஹோம்பர்கர் என்ற பெயரோடு வளர்ந்தார். இளவயதில் படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றி, 1927-ல் வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளிக்கு ஆசிரியராக வந்த பிறகுதான் உளவியல் பக்கம் திரும்பினார். 1939-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். நான் யார் என்ற கேள்விதான் இந்தப் பருவத்தின் தலையாய வேலை என்று அவர் எழுதியது வெறும் ஏட்டுப் படிப்பால் அல்ல.

அவர் வழியில் 1966-ல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் இன்னொன்று சொன்னார். தேடாமலே ஒரு முடிவில் உட்கார்ந்துவிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள்; பெற்றோர் சொன்னதையே தன் விருப்பமாக எடுத்துக்கொண்டவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் இவர்கள்தான் மிகத் தெளிவானவர்களாகத் தெரிவார்கள். தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைதான் குழப்பமானவளாக, சொன்ன பேச்சு கேட்காதவளாகத் தெரிவாள். நம் ஊரில் நல்ல பிள்ளை என்று யாரைச் சொல்கிறோம் என்று நினைத்துப் பார்த்தால், மார்சியா சொன்னது உறைக்கிறது.

போட்டி இருக்கிறது, இடம் இல்லை

புதுச்சேரியில் கலைக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. ஜவகர் சிறுவர் இல்லம் இருக்கிறது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். 1889-லிருந்து இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ். 1971-லிருந்து மண்பாண்டக் கலை கற்றுத்தரும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. ஊரை ஒட்டி ஆதிசக்தி நாடகக் குழு, ஆரோவில். இதே அளவுள்ள வேறு எந்தத் தமிழ் ஊருக்கும் இவ்வளவு வாய்த்ததில்லை.

பள்ளிகளிலும் கலை உண்டு, ஆனால் போட்டியாக. சுதந்திர தினத்துக்கு ஓவியப் போட்டி: தலைப்பு ‘மரம் வளர்ப்போம்’. காந்தி ஜெயந்திக்குப் பேச்சுப் போட்டி: மிஸ் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். ஆண்டு விழாவுக்கு நடனம்: யூடியூப்பில் பார்த்த சினிமாப் பாட்டு, வரிசையில் முன்னால் நிற்பவள் நிறமாக இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளில் மூன்று பேருக்கு டிபன் பாக்ஸ் பரிசு. மிச்சம் முப்பத்தேழு பேரும் ‘எனக்கு வரைய வராது’ என்று கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். பதின்மூன்று வயதில் கற்ற அந்தப் பாடத்தை அவர்கள் ஐம்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

செய்வது பாதி வேலை. செய்ததைத் திரும்பிப் பார்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியைத்தான் நாம் முழுக்க விட்டுவிட்டோம். அதற்கு ஒரு 80 பக்க நோட்டு போதும்: மார்க் போடாத, சிவப்பு மை படாத நோட்டு.

எழுதி வைக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில், 27 வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் காலம்வரை எழுதினார். கப்பல் வந்த நேரம், சரக்கின் விலை, தனக்கு நேர்ந்த அவமானம், நல்ல சகுனம், கெட்ட சகுனம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். பாரதியின் வீட்டில் ஓடியாடி வளர்ந்த சிறுமி யதுகிரி, பின்னாளில் அந்த நாட்களை எழுதி வைத்தார். ‘பாரதி நினைவுகள்’ 1954-ல் நூலாக வந்தது. பெரியவர்கள் பேசுவதைக் கதவோரம் நின்று கேட்ட ஒரு பெண்பிள்ளையின் கண் அதில் இருக்கிறது. இந்த மண்ணின் எழுத்தாளர் பிரபஞ்சனின் முதல் கதை 1961-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினாறு. பிள்ளை என்னவோ கிறுக்குகிறான் என்று யாராவது நோட்டைப் பிடுங்கிப் போட்டிருந்தால் ‘மானுடம் வெல்லும்’ நாவல் நமக்குக் கிடைத்திருக்குமா?

அந்த நோட்டில் என்ன எழுதச் சொல்வது? ‘நான் யார்’ என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளை பேய் முழி முழிக்கும். பெரியவர்களுக்கே பதில் தெரியாத தலைப்பு அது. சின்னதாகக் கேட்க வேண்டும். உனக்கு இந்தப் பேர் எப்படி வந்தது? யார் வைத்தார்கள்? வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், தெருவில் எப்படி? புதுச்சேரி வகுப்பறை ஒன்றில் இதைக் கேட்டால் ஊர் வரலாறே வந்து விழும். குலசாமி பெயர் ஒருத்திக்கு, பாட்டி பெயர் ஒருவனுக்கு, பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இன்னொருவனுக்கு. தனக்குப் பிடிக்காத பட்டப்பெயரை முதல்முறையாக எழுதிக் காட்டுகிற பிள்ளையும் இருக்கும்.

இன்னொன்று, வழி வரைவது. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பாதையை ஒரு பக்கத்தில் வரையச் சொல்ல வேண்டும். அளவு சரியாக இருக்க வேண்டாம். நீ நிற்கும் இடம் பெரிதாகவும், ஓடிக் கடக்கும் இடம் சின்னதாகவும் இருக்கட்டும் என்றால் போதும். குருசுக்குப்பத்துப் பையன் வரையும் கடலும் நெல்லித்தோப்புப் பெண் வரையும் பெரிய வாய்க்காலும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன என்று நம்பவே முடியாது. ஒரு படத்தில் டீக்கடை அரைப் பக்கத்துக்கும் வீடு தீப்பெட்டி அளவுக்கும் இருக்கிறது என்று வையுங்கள். ஆசிரியர் என்ன எழுதுவார்? ‘வீட்டை ஏன் சின்னதாக வரைந்தாய்’ என்று எழுதினால் அது விசாரணை. அடுத்த வாரம் அந்தப் பையன் வீட்டைப் பெரிதாக வரைந்து, வாசலில் கோலமும் போட்டுத் தந்துவிடுவான். ‘டீக்கடை பெருசா இருக்கே, அங்க யாரெல்லாம் இருப்பாங்க?’ என்று பென்சிலால் எழுதினால் அடுத்த பக்கத்துக்குக் கதவு திறக்கும். ‘குட்’, ‘வெரி குட்’ இரண்டும் வேண்டாம். குட் வாங்கிய பிள்ளை மறுபடியும் குட் வாங்குவதற்காகவே எழுதும்.

திட்டு வாங்கிய ஒரு நாளை முதலில் தானாகவும், பிறகு திட்டிய அம்மாவாகவும் எழுதச் சொல்லலாம். இரண்டாவது பக்கத்தை எழுதும்போது சில பிள்ளைகள் பாதியிலேயே பேனாவை வைத்துவிடுவார்கள். அவசரப்படுத்தக் கூடாது. மூன்று மாதம் கழித்துப் பழைய பக்கங்களைத் தாங்களே படித்து, இப்போது உண்மையில்லை என்று தோன்றும் வரிகளை வேறு நிற மையில் கோடிடச் சொல்ல வேண்டும். அழிக்கச் சொல்லக் கூடாது. ஜூனில் ‘எனக்கு யாரும் ஃப்ரெண்டு கிடையாது’ என்று எழுதியவள் செப்டம்பரில் அந்த வரியின் கீழ் பச்சைக் கோடு போடும்போது, தான் மாறியிருப்பதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கிறாள். இதை வேறு எந்த அறிவுரையாலும் அவளுக்குக் காட்ட முடியாது.

எழுதுவதால் மனசு இலேசாகும் என்பதை நம் பாட்டிமார்கள் ஆய்வில்லாமலே ஒப்புக்கொள்வார்கள். ஆய்வும் இருக்கிறது. 1986-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களிடம், மனத்தை வதைத்த அனுபவங்களைத் தினம் 15 நிமிடமாக நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவமனைக்குப் போனது குறைந்தது. எழுதிய அன்று அவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆசிரியர்கள் இந்த இரண்டாவது செய்தியை மறக்கக் கூடாது. எழுதிய பிள்ளை அன்றைக்குக் கொஞ்சம் வாடியிருக்கும். பக்கத்தில் ஆள் வேண்டும்.

அடையாளம் என்பது சான்றிதழ் மட்டுமா?

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைப் பேசாமல் போக முடியாது. நம் நாட்டில் பிள்ளைக்கு அடையாளத்தைத் தேடிக்கொள்ள நேரம் கிடைப்பதற்கு முன்பே ஊர் ஓர் அடையாளத்தைக் கொடுத்துவிடுகிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறைக்குத் தலைவராக இருந்த கே.ஏ.குணசேகரன், ‘வடு’ என்ற தன்வரலாற்றை 2005-ல் வெளியிட்டார். சிவகங்கைச் சீமையில் தலித் குடும்பத்தில் பிறந்து, இளையான்குடியில் முஸ்லிம்களிடையே வளர்ந்தவர். அங்கே படாத அவமானத்தை உறவினர் ஊர்களுக்குப் போகும்போது பட்டிருக்கிறார். நீ யார் என்று கேட்கிறவன் சாதியைத்தான் கேட்கிறான் என்பதைச் சிறுவயதிலேயே தெரிந்துகொண்ட பிள்ளை அவர். அந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த பதில் பாட்டு. கிராமத்துப் பாடல்களையும் ஆட்டங்களையும் மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுவந்தார். 2016 ஜனவரியில் மறைந்தார்.

‘உன்னைப் பற்றி எழுது’ என்று வகுப்பில் சொல்கிற ஆசிரியர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது இனிப்பான வேலை அல்ல. உரக்கப் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது கொடுமை. எழுதாமல் வெறும் கோடு போட்டுக்கொண்டிருக்கவும் உரிமை உண்டு. அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பிள்ளை என்றாவது எழுதும்.

எழுத வராதவர்களுக்கு உடம்பு இருக்கிறது. நாடகம் இந்த ஊரின் சொத்து. சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13-ல் இங்கேதான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. பையன்களை வைத்து நாடகக் கம்பெனி நடத்திய பெரியவர் அவர். பாய்ஸ் கம்பெனியில் வள்ளி வேஷம் கட்டிக் கொடிகட்டிப் பறக்கிற பையனுக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையும். நேற்றுவரை கைதட்டல் வாங்கிய தொண்டை இன்று தகரம் போல அறையும். வேஷம் கையைவிட்டுப் போகும். உடம்பு மாறும்போது நான் என்ன ஆவேன் என்ற கேள்வி அந்தப் பையன்களை மேடையிலேயே வைத்து அறைந்தது. அடுத்து எந்த வேஷம் என்பதைக் கம்பெனிதான் சொல்லும்.

அந்தக் கட்டுப்பாட்டில் பெரிய நடிகர்கள் உருவானார்கள் என்பது உண்மை. ஆனாலும் இன்றைய பிள்ளைக்கு வேண்டியது வேறு வகை. பல்கலைக்கழக நிகழ்கலைத் துறையில் பணியாற்றும் வேலு சரவணன், ‘ஆழி’ என்ற குழந்தைகள் நாடகக் குழுவை நடத்துகிறார். அவருடைய ‘கடல் பூதம்’ ஊர் ஊராகப் போயிருக்கிறது. பார்க்க உட்கார்ந்த பிள்ளைகளையும் அந்த விளையாட்டு உள்ளே இழுத்துவிடும். கூச்சத்தில் பின்வரிசையில் ஒளிந்தவனே பூதத்தைப் பார்த்து முதலில் கத்துவான்.

ரொமேன் ரோலன் வீதியில் பழைய பத்தே சினிமாக் கொட்டகையில் இயங்கும் இந்தியநோஸ்ட்ரம் நாடகக் குழுவை 2007-ல் குமரன் வளவன் தொடங்கினார். 2015 டிசம்பரில் பாரிஸின் தியாத்ர் து சொலெய் குழு, அரியான் முனூஷ்கின் தலைமையில் இங்கே வந்து நடிப்புப் பள்ளி நடத்தியது. முகமூடிப் பயிற்சிக்குப் பேர்போன குழு அது. பிறகு அவர்கள் அரங்கேற்றிய ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்துக்குள் புரிசைத் தெருக்கூத்தும் வந்து சேர்ந்தது. முகமூடி போட்டுக்கொண்டால் முகம் மறைகிறது, ஆனால் நடையும் தோளும் கையும் பேச ஆரம்பித்துவிடுகின்றன. முகப்பருவுக்கும் உடைந்த குரலுக்கும் கூனிக் குறுகும் வயதில் அது எவ்வளவு பெரிய விடுதலை! காகிதக்கூழில் முகமூடி செய்ய வெளியூர் போக வேண்டியதில்லை. திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் உண்டு. அந்தக் கலைக்காக வி.கே.முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்க் குயவர், தச்சர், ஓவியர்களிடம் கற்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அந்தக் கொள்கையோடு ஆயிரம் சண்டை இருக்கலாம், இந்த ஒரு வரியோடு யாருக்கும் சண்டை இருக்க முடியாது.

ஆசிரமப் பள்ளியைப் பற்றிக் கேட்பார்கள். அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை மீரா அல்பாஸா 1943 டிசம்பர் 2-ல் தொடங்கிய பள்ளி, இன்றைய ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம். பாரிஸில் ஓவியம் படித்தவர் அன்னை. அங்கே பரீட்சைக்காகப் படிப்பதில்லை, படித்து முடித்தால் பட்டமும் கிடையாது. மேல்வகுப்பு மாணவர்கள் எதைப் படிப்பது, எவ்வளவு வேகத்தில் படிப்பது என்பதில் அவர்களுக்கே பெரும்பங்கு உண்டு. எண்பது வருடமாக இது நடக்கிறது, பிள்ளைகள் கெட்டுப்போய்விடவில்லை. ஆனால் அது தனி உலகம். முத்தியால்பேட்டை அரசுப் பள்ளி மாணவனுக்கு அதன் வாசலைக் காட்டுவதில் பயனில்லை. அங்கிருந்து இங்கே எடுத்துவரக் கூடியது பிள்ளையைக் கேட்டுவிட்டுச் சொல்லிக்கொடுப்பது என்ற ஒரே ஒரு பழக்கம்.

செல்போனை எல்லோரும் திட்டுகிறார்கள். பீச் ரோட்டில் மாலையில் ரீல்ஸ் எடுக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. எந்தக் கோணம், எந்தப் பாட்டு, எந்தச் சட்டை என்று அவர்கள் எடுக்கும் சிரமம் நிஜமானது. போட்ட அடுத்த நொடியே லைக் எண்ணத் தொடங்கிவிடுவதுதான் கெடுதல். யாரும் பார்க்காமல் ஒன்றைச் செய்து, அதனோடு கொஞ்ச நாள் இருக்கிற சுகம் அவர்களுக்குத் தெரியாமலே போகிறது. எடுத்ததை ஒரு வாரம் கழித்துப் போடு என்று சொல்லிப் பாருங்கள். பாதியை அவர்களே போட மாட்டார்கள். மீதிப் பாதி நன்றாக இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

மெத்தைக்கு அடியில் அந்த நோட்டு கிடைத்தால் படிக்காதீர்கள். இது கஷ்டம்தான், அதுவும் பெண்பிள்ளை வைத்திருக்கிற அம்மாவுக்கு மிகவும் கஷ்டம். ஒருமுறை படித்துவிட்டால் அந்தப் பிள்ளை அதன் பிறகு உங்களுக்காகவே எழுதும், அதாவது பொய் எழுதும். அதற்குப் பதில் நீங்களும் ஒரு நோட்டு வாங்கி உட்காருங்கள். பதினைந்து வயதில் என்னவாக ஆசைப்பட்டீர்கள் என்று எழுதி, பிடித்திருந்தால் அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

இரகசியத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அதை ஆசிரியர் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட வேண்டும்: உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன், உதவி தேடுவேன். புதுச்சேரிக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015-ம் ஆண்டுக் கணக்கில், எல்லா வயதினரையும் சேர்த்து, லட்சத்துக்கு 43.2 தற்கொலைகளோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது இந்தச் சின்ன யூனியன் பிரதேசம். உலகம் முழுக்க 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நோட்டும் களிமண்ணும் மருந்தல்ல. பிள்ளை சாப்பாடு தூக்கம் இல்லாமல் ஒடுங்கிப்போனால் ஜிப்மர் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வெட்கப்படக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

2023-24-லிருந்து புதுச்சேரி அரசுப் பள்ளிகள் படிப்படியாக சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. அந்த மாற்றத்தால் பிள்ளைகளும் ஆசிரியர்களும் படும் பாடு தனிக் கதை. ஆனால் அதோடு கூடவே வந்த ஒன்று கண்ணில் படாமல் கிடக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பாடவேளை கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. 2019-லேயே சொல்லியிருக்கிறது. பாரதி வாழ்ந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி வீடும், பாரதிதாசன் வீடும், 1827-ல் தொடங்கிய ரொமேன் ரோலன் நூலகமும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. மாதத்தில் ஒரு நாள் அந்த இரண்டு பாடவேளையையும் சேர்த்துப் பிள்ளைகளை நோட்டோடு அங்கே உட்கார வைக்கலாம். வழிகாட்டி விளக்கம் பத்து நிமிடம் போதும், மீதி நேரம் அவர்களுடையது. தலைமையாசிரியர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது, ‘போர்ஷன் முடியல, டிராயிங் பீரியடைக் குடுங்க’ என்று கணக்கு சாரும் சயின்ஸ் மிஸ்ஸும் வந்து கேட்டால், கொடுக்காமல் இருப்பது.